மேல் கணக்குப் பாதை

காட்டை வெட்டித் தேயிலை போடச் சொன்னது ஒரு துரை. தேயிலையைப் பிடுங்கிவிட்டுக் காடு போடச் சொன்னது, நூறு வருடம் கழித்து வந்த இன்னொரு துரை. இரண்டு பேருமே தம் கையால் ஒரு குழி வெட்டியவர்கள் இல்லை. வெட்டியதும் நட்டதும் பிடுங்கியதும் மறுபடி நட்டதும் ஒரே சனம்தான். அந்தச் சனத்தில் ஒருத்தி பேச்சியம்மா.

வெள்ளைக்கல் தோட்டத்தை மேல் கணக்கு, கீழ்க் கணக்கு என்று இரண்டாகப் பிரித்திருந்தார்கள். மேல் கணக்கு மலையின் உச்சியில், பாதி நாள் மூடுபனிக்குள்ளே கிடக்கிற இடம். அங்கே இரண்டே லயம் என்கிற வரிசை வீடுகள், அவற்றில் இருபத்திரண்டு ஒற்றையறைக் காம்பரா. கீழே பஸ் ஓடுகிற ரோட்டிலிருந்து லயத்துக்கு ஏற ஒரேயொரு ஒற்றையடிப் பாதை. தேயிலையோ கிழடு தட்டிப்போனது. கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் கூடையின் அடி மறைவதற்கு முன்பே மலையைச் சுற்றி முடித்துவிடுவார்கள்.

எண்பதாம் ஆண்டு தை மாதத்தில் ஒரு காலை, பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற சனத்திடம் தோட்ட அதிகாரி கண்டாக்கையா செய்தியைச் சொன்னார். கீழே ஆற்றை மறித்து அணை கட்டப் போகிறார்கள். தண்ணீர் ஏறும்போது ஆற்றோரக் காடு முழுவதும் உள்ளே போய்விடும். அணைக்கு உதவி செய்கிற வெளிநாட்டுக்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்கள். மூழ்குகிற காட்டுக்கு ஈடாக வேறோர் இடத்தில் காடு உண்டாக்கிக் கொடுக்க வேண்டும். அங்கே இருந்த மிருகங்கள் இங்கே வந்து இருக்க வேண்டும். விளைச்சல் இல்லாத மேல் கணக்கைக் கொடுப்பதென்று முடிவாகிவிட்டது.

"அப்ப நாங்க எங்கங்கையா போறது?" என்று கேட்டாள் மீனம்மா. பேச்சியம்மாவின் அடுத்த காம்பராக்காரி அவள்.

"இந்தியா பாஸ்போட் வந்தவங்க கப்பலுக்குப் போங்க. மத்தவங்களுக்குக் கீழ்க் கணக்குல எடம் குடுப்பாங்க," என்றார் கண்டாக்கையா.

மரத்துக்கு ஈடு மரம் என்று யோசித்தவர்களுக்கு, இருபத்திரண்டு காம்பராச் சனத்துக்கு ஈடு என்ன என்று யோசிக்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் அந்தச் சனம் என்ன சொல்லியிருக்குமோ தெரியாது. அதுவரை யாரும் அவர்களை எதுவும் கேட்டுப் பழக்கமில்லை.

பேச்சியம்மாவுக்கும் பாஸ்போர்ட் வந்திருந்தது. புருஷன் கந்தப்பன் உயிரோடிருந்தபோது குடியுரிமை கேட்டு இந்தியாவுக்கென்று எழுதிப் போட்டது. தகரப் பெட்டிக்குள் சேலைக்கு அடியில் அது கிடந்தது. மேல் கணக்கில் பாதிப் பேர் மூட்டை கட்டத் தொடங்கியபோது அவள் மட்டும் கட்டவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவுமில்லை. எல்லோருக்கும் தெரிந்த கதைதான் அது.

எழுபத்து நான்கில் தோட்டங்களில் பஞ்சம். அரிசி கண்ணில் படவில்லை. கூப்பனுக்குக் கொடுத்த மாவும் பாதியாய்க் குறைந்தது. வேலை வாரத்துக்கு மூன்று நாள். கந்தப்பன் அதற்கு முந்தின வருடமே நெஞ்சுச் சளியில் போய்ச் சேர்ந்திருந்தான். மகன் அழகனுக்கு அப்போது பதினாறு வயது. வளருகிற உடம்பு, எவ்வளவு போட்டாலும் இன்னும் கேட்கும். ஒருநாள் காலை, இரண்டு பேருக்குமாய்ச் சுட்டு வைத்திருந்த ஒரே ரொட்டியை அவன் முழுதாகக் கையில் எடுத்தபோது பேச்சியம்மா சொல்லிவிட்டாள்.

"ஒனக்குப் போட எங்கிட்ட ஒன்னுமில்லடா. கையும் காலும் இருக்குல்ல, எங்கயாச்சும் போயிப் பொழச்சிக்க."

பசி சொல்லவைத்த வார்த்தை. அந்த வருடம் எத்தனையோ தாய்மார் எத்தனையோ பிள்ளைகளிடம் அதையே சொன்னார்கள். பிள்ளைகளும் காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்துவிட்டார்கள். அழகன் போட்டுக்கொண்டான். ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டுப் பாதையில் இறங்கிப் போனான். அவள் இஸ்தோப்புத் திண்ணையில் நின்று, அவன் தலை பாதையின் வளைவில் மறைகிற வரை பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வந்துவிடுவான் என்றுதான் நினைத்தாள்.

இரண்டு வருடம் கழித்து ஒரு தபால் அட்டை வந்தது. வவுனியாப் பக்கம் யாரோ எழுதிக் கொடுத்தது. கணக்கப்பிள்ளை அதை வாசித்துக் காட்டினார். 'அம்மா, நான் சுகம். வயல் வேலை செய்றேன். ஒருநாளைக்கு வீட்டுக்கு வருவேன்.' அவ்வளவுதான். விலாசம் இல்லை. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வருவேன் என்று எழுதியிருந்தான். அவனுக்குத் தெரிந்த வீடு மேல் கணக்கின் இரண்டாம் லயத்தில் ஐந்தாம் காம்பரா ஒன்றுதான். அதை விட்டுவிட்டு அவள் எங்கே போவாள்?

கப்பலுக்குக் கிளம்புகிற அன்று மீனம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

"வந்திரு பேச்சி. இங்க ஒனக்குன்னு யாரு இருக்கா?"

"நான் கப்பலேறிட்டா அவன் வந்து யாருகிட்ட கேப்பான்? நீ போயிட்டு வா," என்றாள் பேச்சியம்மா. போயிட்டு வா என்பது வாய்ப் பழக்கம். இரண்டு பேருக்கும் அது தெரியும்.

காட்டு வேலைக்கு மேற்பார்வையாளராக வந்தவர் ஞானரட்ணம். ஹட்டன் டவுனில் பிறந்து வளர்ந்த கிறிஸ்தவ வேதக்காரர், முப்பது வயது. மரங்களின் பெயரைச் சிங்களத்தில் ஒன்று, தமிழில் ஒன்று என்று இரண்டு விதமாகச் சொல்லுவார். ஆளைப் பார்த்துப் பேசும்போது இல்லாத பிரியம் மரத்தைப் பார்த்துப் பேசும்போது அவர் குரலில் வந்துவிடும். கெட்டவர் இல்லை. கன்றுகளைப் பார்த்துக்கொள்ள மேலேயே தங்கியிருக்க ஓர் ஆள் வேண்டும் என்றார். மற்ற எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"நான் இருக்கேங்கையா. என் காம்பராவ மட்டும் பிரிக்காம விட்டுருங்க," என்றாள் பேச்சியம்மா.

"தனியா இருந்துக்குவீங்களா?"

"இருந்துக்குவேங்கையா."

மற்ற காம்பராக்களின் தகரங்களைக் கழற்றிக்கொண்டு போனார்கள். ஐந்தாம் காம்பராவின் தகரம் மட்டும் தப்பியது. தேயிலை மரங்களை வேரோடு பிடுங்கிச் சாய்த்து, அந்தக் குழிகளில் கீன, தம்ப, காட்டுச் சண்பகம் என்று முழங்கால் உயரக் கன்றுகளை நட்டார்கள். நட்டு முடித்ததும் ஞானரட்ணம் ஏதோ பயிற்சிக்கென்று இரண்டு மாதம் வெளியூர் போக வேண்டியிருந்தது. "நல்லாப் பாத்துக்கங்க பேச்சியம்மா," என்று சொல்லிவிட்டுப் போனார். அங்கேதான் வந்தது வினை.

பேச்சியம்மாவுக்கு மலையை நல்லாப் பார்த்துக்கொள்வது என்றால் ஒன்றுதான். தோட்டத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு துண்டு மலையைப் புல்லுக் கொந்தரப்பு என்று எழுதிக் கொடுப்பார்கள். அதில் களை இல்லாமல் வைத்திருப்பது அந்தக் குடும்பத்தின் பொறுப்பு. பேச்சியம்மாவின் கொந்தரப்பு மலையில் சாப்பாட்டைக் கொட்டி அள்ளித் தின்னலாம் என்பார்கள். மற்றவர்களைத் திட்டுவதென்றால் கங்காணிமார் அவள் மலைக்குக் கூட்டிவந்து காட்டித் திட்டுவார்கள். அதனாலேயே அவளை மனதுக்குள் கறுவிக்கொண்ட பெண்கள் நான்கைந்து பேர் உண்டு. அவள் அதற்காகக் கவலைப்பட்டதில்லை. வேலை என்றால் வேலையாக இருக்க வேண்டும் அவளுக்கு.

ஆகவே சொரண்டியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். இரண்டு மாதத்தில் அந்த மலை முழுவதையும் தன்னந்தனியாகச் சுரண்டித் தீர்த்தாள். நட்ட கன்றைத் தவிர பச்சையாக ஒன்றும் மிஞ்சவில்லை. மலை செக்கச்செவேலென்று கிடந்தது.

ஞானரட்ணம் திரும்பி வந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். பேச்சியம்மா பாராட்டுக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.

"இங்க மொளச்சிருந்ததெல்லாம் எங்க பேச்சியம்மா?"

"புல்லுங்களாங்கையா? ஒன்னு விடல."

அவர் எழுந்து, ஓரத்தில் காய்ந்து கிடந்த களைக் குவியலைக் கிளறி, விரல் நீளச் செடி ஒன்றை எடுத்துக் காட்டினார். "இது என்னன்னு சொல்லுங்க."

"களை."

"தம்ப மரம். குருவி தின்னுட்டுப் போட்ட வெதையில மொளச்சது. நாம நட்டது கொஞ்சம். குருவியும் காத்தும் நட்டதுதான் நெறைய. புல்லு இருந்தாத்தான் அதுக்கு நெழலு. நீங்க புடுங்கினது புல்லு இல்ல பேச்சியம்மா, காடு."

சத்தம் போட்டிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். நாற்பது வருடமாகச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவள்தான். அவர் மெதுவாகச் சொன்னது அவளை என்னவோ செய்தது. அந்த வருட மழைக்கு மண் கரைந்து ஓடியதில் நட்ட கன்றுகளிலும் பாதி போயிற்று. இன்னொரு முறை இப்படி ஆனால் திட்டத்தையே நிறுத்திவிடுவார்கள், உங்கள் காம்பராவும் இருக்காது என்றார் அவர். காடு வந்தால்தான் காம்பரா நிற்கும். காம்பரா நின்றால்தான் அழகன் வந்து கதவைத் தட்டுவான்.

அன்றிலிருந்து அவள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கப் பழகினாள். அதைப்போல் கஷ்டமான வேலையை அவள் அதுவரை செய்ததில்லை. கண்ணெதிரே மானாப்புல் முளைக்கும், வேறொன்று படரும். கை துறுதுறுக்கும். வாயை மூடிக்கொண்டு தாண்டிப் போவாள். எந்தச் செடி யாருடைய குட்டி என்று ஞானரட்ணத்திடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். வெயிலில் வாடுகிறதற்கு மானாப்புல்லை வளைத்து நிழல் கட்டினாள். ஊற்றிலிருந்து தண்ணீர் சுமந்தாள். பெற்ற பிள்ளைக்கு ஊற்ற முடியாமல் போனதை எல்லாம் இதற்கு ஊற்றினாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

கைத் துறுதுறுப்பு முழுவதும் பாதையின்மேல் திரும்பியது. பாதையைப் பற்றி ஞானரட்ணம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. லயத்து வாசலிலிருந்து ரோடு வரைக்கும், நடுவில் தோட்டத்துக்குப் பேர் கொடுத்த வெள்ளைக் கல்லைச் சுற்றி வளைகிற இடம் உட்பட, நாள் தவறாமல் சுரண்டி வைத்தாள். இரண்டு பக்கமும் காடு ஏறி வந்துகொண்டிருக்க, நடுவில் பாதை மட்டும் வகிடு எடுத்ததுபோல் கிடந்தது. அதில் அவள் ஒரு புல் முளைக்க விடவில்லை.

காடு நிஜமாகவே வந்தது. மூன்றாம் வருடம் மரங்கள் அவள் தலைக்கு மேலே போய்விட்டன. கருங்குரங்குகள் வந்தன. ஒருநாள் விடிகிற நேரத்தில் இரண்டு மரைமான்கள் பழைய பெரட்டுக் களத்தில் நின்று அவளைப் பார்த்தன. அவள் அசையாமல் நின்றாள். ஞானரட்ணத்திடம் சொன்னபோது அவர் சின்னப் பிள்ளைபோல் ஓடினார், குளம்படி பார்க்க.

எண்பத்து மூன்று ஆடியில் தமிழர்மேல் கலவரம் வெடித்து, டவுன் பக்கம் புகை எழும்பியது. கடை எரிந்தவர்களும் வீடு எரிந்தவர்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அந்தப் பாதையால் ஏறி வந்து, அவள் வளர்த்த காட்டுக்குள் மூன்று நாள் ஒளிந்திருந்தார்கள். பேச்சியம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். கொடுக்கும்போது ஒவ்வொரு ஆணின் முகத்தையும் உற்றுப் பார்த்தாள். அழகனுக்கு இருந்ததுபோல் இடது புருவத்தில் தழும்பு உள்ள முகம் ஒன்றும் வரவில்லை.

அந்த வருடக் கடைசியில் ஞானரட்ணம் வந்தார். இஸ்தோப்பில் உட்கார்ந்தார். அவள் கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"கண்ணியில மாட்டி ஒரு மரை செத்துப் போச்சு பேச்சியம்மா. பாதை இருக்குறதாலதான் வேட்டைக்காரனுங்க வர்றானுங்க. மேலருந்து உத்தரவு வந்திருக்கு. காட்டுக்குள்ள மனுச நடமாட்டம் ஒன்னும் இருக்கக் கூடாதாம்."

"நான் இருக்கேனேங்கையா."

"அதுவும்தான்." அவர் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "காடு இனித் தானா நிக்கும். காவலுக்கு ஆள் வேணாம். நீங்க நல்லாப் பாத்துக்கிட்டதாலதான் இவ்வளவு சீக்கிரம்."

அவள் காடு வளர்த்தது காம்பராவைக் காப்பாற்ற. காடு வளர்ந்ததாலேயே காம்பரா போகிறது. இதில் யாரைப் போய் என்னவென்று கேட்பது? கொஞ்சம் மோசமாக வளர்த்திருந்தால் இன்னும் இரண்டு வருடம் இருந்திருக்கலாம். அந்தச் சூட்சுமம் தெரிந்தவளாக இருந்திருந்தால் அவள் வாழ்க்கையில் எத்தனையோ விஷயங்கள் வேறு மாதிரி நடந்திருக்கும்.

"அவன் வந்தா என்னங்கையா செய்வான்?" என்று மட்டும் கேட்டாள்.

ஞானரட்ணத்துக்கும் அந்தக் கதை தெரியும். "ரோட்டுக் கடை செல்லசாமிகிட்ட சொல்லி வைப்போம். பஸ்ஸ விட்டு எறங்குறவன் அந்தக் கடையத் தாண்டித்தானே வரணும். நீங்க கீழ்க் கணக்குல இருக்கீங்கன்னு அவரு சொல்லிருவாரு."

அது சரியான யோசனையாகத்தான் பட்டது. செல்லசாமி அழகனைக் குழந்தையில் தூக்கி வைத்திருந்தவர். "அவன எனக்குத் தெரியாதா தாயி, கழுத்தப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்து ஒங்கிட்ட விடுறேன்," என்றார்.

பாதையை மூட வேறு ஆட்களை அனுப்புகிறேன், நீங்கள் பார்க்க வேண்டாம் என்றார் ஞானரட்ணம். பேச்சியம்மா சம்மதிக்கவில்லை. நானே செய்கிறேன் என்றாள். மனதுக்குள் ஓர் எண்ணம் இருந்தது. கன்றுகளைக் கொஞ்சம் விட்டு விட்டு நட்டால், தெரிந்தவன் ஒருவன் நுழைந்து வருகிற அளவுக்கு ஒரு சந்து விட்டால், யாருக்குத் தெரியப் போகிறது?

ஆனால் வேலையில் இறங்கிய பிறகு கை கேட்கவில்லை. கோணலாக நட அதற்குத் தெரியாது. நூறு வருடமாகச் சனம் மிதித்து மிதித்துச் சிமெந்தாய் இறுகியிருந்த மண்ணை இரும்பு அலவாங்கு போட்டுக் கிளப்பினாள். குழி வெட்டினாள், சருகு போட்டாள், நட்டாள். இடையில் தெரிந்த வெறும் மண்ணிலெல்லாம் காட்டுக்குள்ளிருந்து பெரணியும் மானாப்புல்லும் வேரோடு பெயர்த்து வந்து பதித்தாள். வாசலில் தொடங்கிக் கீழ்நோக்கி நட்டுக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு நாளும் முடிக்கும்போது வீடு அவளுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் மூடிக்கொண்டது. பன்னிரண்டாம் நாள் ரோட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

ஒரு மழைக்காலம் போய் ஞானரட்ணம் வந்து பார்த்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தார். "பாதை எங்க இருந்துச்சுன்னு எனக்கே தெரியல பேச்சியம்மா," என்றார். உண்மையைச் சொன்னால், அந்த ஒரு நிமிஷம் அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கீழ்க் கணக்கில் ஒரு காம்பராவும், கன்று வளர்க்கும் மேடையில் வேலையும் கொடுத்தார்கள். பையில் மண் நிரப்புவாள், விதை போடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் செல்லசாமி கடைக்குப் போய் நிற்பாள். அவர் உதட்டைப் பிதுக்குவார். அவள் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்புவாள்.

பிறகு தண்ணீர் ஏறியது. ஆற்றோரக் காடு போயிற்று. கடைசியில் பழைய ரோடும் செல்லசாமி கடையும் போயின. செல்லசாமி ராகலையில் இருந்த மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மலையின் இடுப்பில், புதுக்காட்டின் விளிம்பை ஒட்டி, வெள்ளைக் கல்லுக்குப் பக்கத்தால் புதிய ரோடு வந்தது. எண்பத்தைந்து ஐப்பசியில் அதில் பஸ் ஓடத் தொடங்கியது. வெள்ளைக் கல்லடியில் பஸ் நிற்கிறது, யாரோ ஒருவர் அங்கே தேத்தண்ணிக் கடை போட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டதுமே பேச்சியம்மா முடிவு செய்துவிட்டாள். வருகிற ஞாயிறு போய் அந்த ஆளிடம் விஷயத்தைச் சொல்லி வைக்க வேண்டும். கீழ்க் கணக்கிலிருந்து மூன்று மைல்.

சனிக்கிழமை ஞானரட்ணம் வந்து நின்றார். "நாளைக்கு வெளிநாட்டுக்காரங்க காடு பாக்க வர்றாங்க. வேலை செஞ்சவங்களையும் பாக்கணுமாம். நீங்க இல்லாம எப்படி?"

ஒரு கிழமைதானே, அடுத்த ஞாயிறு போகலாம் என்று நினைத்தாள். நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். ஜீப்புகள் வந்தன, முன்னும் பின்னும் பொலிஸ். வந்தவர்கள் கீழிருந்து தூரக் கண்ணாடி வைத்துக் காட்டைப் பார்த்தார்கள். ஒரு வெள்ளைக்காரம்மா பேச்சியம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றாங்கையா?"

"அங்க மனுசங்க இருந்ததுக்கு ஒரு அடையாளமே இல்லையாம். ரொம்ப சந்தோசமாம்," என்றார் ஞானரட்ணம்.

அடுத்த ஞாயிறு அவள் விடியலிலேயே கிளம்பினாள். புதுக் கடைக்காரர் பெயர் கஸ்பர். நல்லதண்ணியில் சிவனொளிபாத மலை ஏறுகிறவர்களுக்குச் சீசன் கடை போட்டுக்கொண்டிருந்தவர், ரோடு திறந்ததும் இங்கே வந்திருந்தார். நல்ல வாய்க்காரர். கேட்காமலே தேத்தண்ணி ஊற்றினார். பேச்சியம்மா தேத்தண்ணியைத் தொடவில்லை. மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்து வந்ததைத் தொடங்கினாள்.

"தம்பி, ஒரு ஒதவி. எம் மகன் ஒருத்தன் வெளிய போயிருக்கான். பேரு அழகன். இப்ப இருவத்தேழு வயசு இருக்கும். எடது புருவத்துல தழும்பு இருக்கும். இங்க எறங்கி மேல் கணக்கு எங்கன்னு கேட்டான்னா..."

கஸ்பர் கழுவிக்கொண்டிருந்த கிளாசைக் கீழே வைத்தார்.

"சின்னப் பொம்பளப் புள்ள ஒன்னு கையில?"

பேச்சியம்மாவுக்கு முதலில் அது விளங்கவில்லை. அவள் மனதில் இருந்தவன் ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டுப் போன பதினாறு வயதுக்காரன். அவன் கையில் பிள்ளை எப்படி இருக்கும்?

"போன ஞாயித்துக்கெழம வந்தாரும்மா. ஜீப்பெல்லாம் வந்துச்சே, அன்னைக்கு. புருவத்துல வெட்டு ஒன்னு இருந்துச்சு. புள்ளைக்கு மூணு வயசிருக்கும். இந்த வாங்குலதான் ஒக்காந்து பனிஸ் தின்னுச்சு. 'பேச்சி, சிந்தாம தின்னு'ன்னு புள்ளகிட்ட சொன்னாரு. என்ன இந்தக் காலத்துல இப்புடி ஒரு பேருன்னு கேட்டேன். எங்கம்மா பேருன்னாரு."

பேச்சியம்மா அந்த வாங்கையே பார்த்தாள். அதில் உட்காரவில்லை. குழந்தை உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கீழே, தரையில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தேடுனானா?" என்று கேட்டாள்.

"தேடாம என்ன? புள்ளைய எங்கிட்ட விட்டுட்டு ரெண்டு மணி நேரம் தேடுனாரு. கால் நெறைய அட்டையோட வந்தாரு. மேல் கணக்குச் சனமெல்லாம் எங்கன்னு கேட்டாரு. இந்தியாவுக்குப் போயிட்டாங்கன்னு ரோட்டு வேலைக்காரங்க பேசிக்கிட்டத நான் கேட்டிருக்கேன், அதச் சொன்னேன். ஆமா, அப்பா இந்தியாவுக்குத்தான் எழுதிப் போட்டாருன்னு சொல்லிட்டுத் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டாரு. கீழ்க் கணக்குல போயிக் கேட்டுப் பாக்கவான்னாரு. அன்னைக்குன்னு பாத்துக் கீழ போற ரோடெல்லாம் பொலிஸ். அடையாள அட்டையில வவுனியா விலாசம் இருக்கு, புள்ளையும் கையில, புலின்னு புடிச்சிருவாங்கன்னு போகப் பயந்துட்டாரும்மா. இருட்டுறதுக்கு முந்தி கொட்டகலை ஸ்டேசனுக்குன்னு பஸ் ஏறிட்டாரு. அதுக்கு மேல எங்க போறேன்னு சொல்லல."

பேச்சியம்மா வாங்கின் காலைப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்படி உட்கார்ந்திருந்தது கஸ்பருக்குத் தாங்கவில்லை. தன்மேல் தப்பில்லை என்று காட்ட வேண்டும்போல் இருந்தது அவருக்கு.

"அந்தா தெரியுதே வெள்ளக் கல்லு, அதுகிட்டயே சுத்திச் சுத்தி வந்தாரு. 'பாதை இங்கதாண்ணே இருந்துச்சு, எங்கம்மா ஒரு புல்லு மொளைக்க விடாது'ன்னு சொல்லிச் சொல்லித் தேடுனாரு. பாவமா இருந்துச்சு, நானும் கூடப் போயிப் பாத்தேன். ஒரு பாதைய மூடியிருந்தா எங்கயாச்சும் ஒரு தடம் தெரியும்ல? துளி இல்லம்மா. அதான் சொன்னேன், 'தம்பி, நீங்க வேற மலைக்கு மாறி வந்திருக்கீங்க. இங்க பாதைன்னு ஒன்னு இருந்ததே இல்ல'ன்னு."

"ஒரு தடம்கூட இல்லீங்களா?"

"சத்தியமா இல்லம்மா."

"நல்லாத்தான் மூடியிருக்கேன்," என்றாள் பேச்சியம்மா.

கஸ்பருக்கு அது விளங்கவில்லை. என்ன சொன்னீங்க என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் கொட்டகலை பஸ் வந்து நின்றது. ஒரு கிழமைக்கு முன்னால் போனவனை இப்போதே போனால் பிடித்துவிடலாம் என்பதுபோல் அவள் எழுந்து ஓடி, அதில் ஏறினாள்.